சுமையைவிடத் தீனி கனம்: கொலராடோ ஆற்று வழியே எந்திரங்கள் போய்ச் சேர்ந்த வரலாறு

கொலராடோ ஆறு ராக்கி மலைப் பனியின் தண்ணீரைக் கொண்டுவருகிறது. அது ஓடிவரும் நாட்டிலோ மழை கிடையாது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள யூமாவில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை மூன்று அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும். கரையை விட்டு உள்ளே நகர்ந்தால் குடிக்கத் தண்ணீர் இல்லை, மேயப் புல் இல்லை. இந்த நாட்டில்தான் 1858 முதல் பொன், வெள்ளி, செம்பு, ஈயம் என்று அடுத்தடுத்துத் தாது கண்டார்கள். தாது கிடைத்த இடங்களுக்குச் சாலை இல்லை. ரயில் வர இன்னும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருந்தன. கொதிகலனையும், தாது இடிக்கும் எந்திரத்தையும், பாதரசத்தையும், மாவு மூட்டையையும் அங்கே எப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்?

இதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கேப்டன்களின் துணிச்சலையும் வண்டிக்காரர்களின் உரத்தையும் பாடுகிறார்கள். துணிச்சல் இருந்தது; அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் துணிந்தவர்களில் பலர் திவாலானார்கள், சிலர் நிலைத்தார்கள். இந்த வேறுபாட்டுக்கு என் விடை இது: சுமக்கிற பிராணியோ எந்திரமோ வழியில் எதைத் தின்னும், அந்தத் தீனியை எந்த இடத்தில் யார் வைத்திருப்பார்கள் என்ற கணக்கைப் போட்டவர்கள் நின்றார்கள். ஏற்றப்போகும் சுமையை மட்டும் எடைபோட்டவர்கள் வீழ்ந்தார்கள்.

முதல் சரக்கு சுரங்கத்துக்கு வரவில்லை, ராணுவத்துக்கு வந்தது. 1850இல் மேஜர் சாமுவேல் ஹைன்ட்செல்மன் யூமா கடவில் ஒரு முகாம் அமைத்தார். சான் டியேகோவிலிருந்து பாலைவனத்தைக் கடந்து வரும் கோவேறு கழுதை வண்டிகள்தான் அவருக்கு உணவு. வழியில் மேய்ச்சல் இல்லாததால் கழுதைகளின் தானியத்தையும் அதே வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. தூரம் கூடக்கூட வீரர்களுக்கு மிஞ்சியது குறைந்தது. 1851 இறுதியில் முகாமைக் கைவிட்டார்கள். 1852 பிப்ரவரியில் திரும்பி வந்தார்கள். இதற்கிடையே லெப்டினன்ட் ஜார்ஜ் டெர்பி 'இன்வின்சிபிள்' என்ற பாய்மரக் கப்பலில் ஆற்று முகத்துவாரத்தை ஆராய்ந்துவிட்டு, நீராவிப் படகு இந்த ஆற்றில் ஏறும் என்று சொல்லியிருந்தார்.

கடல்வழியே கழிமுகத்துக்கு வந்து ஆற்றில் ஏறும் அந்த வழி பெரிய சுற்றுவழி. சான் பிரான்சிஸ்கோவில் ஏற்றிய சரக்கு தெற்கே இறங்கி, பாகா கலிபோர்னியாவின் முனையைச் சுற்றி, கலிபோர்னியா வளைகுடாவுக்குள் வடக்கே ஏறி, கழிமுகத்தில் படகு மாற வேண்டும். மாற்றும் இடமோ பயங்கரமானது. அங்கே கடல் ஏற்றம் மிக உயரமானது. ஆற்றை எதிர்த்து ஓர் அலைச் சுவராகப் பாயும் அந்த ஓதத்தை மெக்சிகோக்காரர்கள் 'புர்ரோ' என்றார்கள். பிற்காலத்தில், 1922இல், தொழிலாளர்களை ஏற்றிவந்த 'டோபோலோபாம்போ' என்ற கப்பலை அது கவிழ்த்துப் பலரைக் கொன்றது. இருந்தும் தரைவழியைவிட இந்தச் சுற்றுவழி மலிவாக இருந்தது, ஏனென்றால் காற்று தீனி கேட்பதில்லை.

1852 டிசம்பரில் கேப்டன் ஜேம்ஸ் டர்ன்புல்லின் நீராவிப் படகு 'அங்கிள் சாம்' யூமா போய்ச் சேர்ந்தது. நீளம் 65 அடி, 20 குதிரைத்திறன். கழிமுகத்திலிருந்து யூமா வர 15 நாள் பிடித்தது. அடுத்து ஜார்ஜ் அலோன்சோ ஜான்சனின் 104 அடிப் படகு 'ஜெனரல் ஜெசப்' 1854 தொடக்கத்தில் வந்தது. அதே ஆண்டு அதன் கொதிகலன் வெடித்தது. ஜான்சன் தளரவில்லை. 1855இல் அவர் இறக்கிய 'கொலராடோ' இந்த ஆற்றுக்கு ஏற்ற வடிவத்தை நிலைநாட்டியது: தட்டையான அடி, பின்புறம் ஒற்றைத் துடுப்புச் சக்கரம், தண்ணீரில் மிகக் குறைவாக அமிழும் உடல். மணல்திட்டில் தட்டினால் படகைத் திருப்பிப் பின்பக்கமாக நிறுத்தி, சக்கரத்தாலேயே மணலைத் தோண்டி வழி செய்வார்கள். முன்னால் ஒருவன் கழியால் ஆழம் பார்த்துக்கொண்டே நிற்பான். நேற்றிருந்த வழி இன்று இருக்காது.

இதற்கு நேர்மாறாக நடந்தது லெப்டினன்ட் ஜோசப் ஐவ்ஸின் 'எக்ஸ்ப்ளோரர்'. 1857இல் அரசு செலவில் பிலடெல்பியாவில் 54 அடி இரும்புப் படகு செய்து, துண்டு துண்டாகப் பிரித்து, பனாமா வழியே சான் பிரான்சிஸ்கோ கொண்டுவந்து, அங்கிருந்து கழிமுகத்துக்கு அனுப்பி, சேற்றில் வைத்துப் பூட்டினார்கள். உடலை வலுப்படுத்த அடியின் வெளிப்புறத்தில் கட்டைகளை ஆணியடித்திருந்தார்கள். மணலில் சறுக்க வேண்டிய அடி மணலைப் பற்றிக்கொண்டது. 1858 மார்ச்சில் பிளாக் கேன்யனின் வாயிலில் மூழ்கிய பாறையொன்றில் மோதியது. ஜான்சன் தம் சொந்தப் படகில் ஏற்கெனவே அந்த ஜனவரியில் வெகுதூரம் மேலே போய்த் திரும்பியிருந்தார். பிரித்து எடுத்துவந்து பூட்டும் கலையில் ஐவ்ஸின் ஆட்கள் தேர்ந்தவர்கள். ஆற்றைக் கேட்டு வடிவமைத்தவர் ஜான்சன்.

இனி விறகுக்கு வருகிறேன். இந்த வரலாற்றில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் மிக அதிகம் பேசப்பட வேண்டியதும் அதுதான். அந்தக் காலத்தில் நீராவிப் படகுக்கு உணவு விறகு. கழிமுகத்திலிருந்து யூமாவுக்கான எரிபொருள் முழுவதையும் கிளம்பும்போதே ஏற்றினால் சரக்குக்கு இடம் இருக்காது; படகும் ஆழமாக அமிழ்ந்து மணலில் உட்கார்ந்துவிடும். ஆகவே கரையோரமெங்கும் இடைவெளி விட்டு விறகுத் துறைகள் எழுந்தன. கழிமுகப் பகுதியில் விறகை வெட்டி, சுமந்து, அடுக்கிக் கொடுத்தவர்கள் கொக்கொப்பா மக்கள். மேலே போகப்போக கெச்சான், மொஹாவி மக்கள். ஆற்றங்கரையின் காட்டன்வுட், வில்லோ, மெஸ்கீட் மரங்கள் படகின் உலைக்குள் போயின. மெஸ்கீட் காய்தான் அந்த மக்களின் அடிப்படை உணவுகளில் ஒன்று என்பதை நினைத்தால் இந்த எரிபொருளுக்கு உண்மையில் யார் விலை கொடுத்தார்கள் என்பது புரியும். ஆற்றின் போக்கையும் மணலின் இடப்பெயர்ச்சியையும் அறிந்தவர்களும் அவர்களே. ஜான்சன், ஐசக் பொல்ஹாமஸ், ஜாக் மெல்லன் ஆகிய கேப்டன்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. அந்தப் படகுகளை ஓடவைத்த விறகுவெட்டிகளின் பெயர்கள் இல்லை. விறகுத் துறைகள் இல்லையென்றால் இந்த ஆற்றில் கப்பல் போக்குவரத்தே இல்லை என்று சொல்வது மிகையாகாது.

மேலும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1859இல் இதே படகுகள்தான் மொஹாவி மக்களை அடக்கப் புறப்பட்ட படைக்குத் துணைபோயின. அதன் பிறகே மொஹாவி கோட்டை எழுந்தது. சுரங்கம் வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் ஜான்சனின் நிறுவனத்தைக் காப்பாற்றியது ராணுவ ஒப்பந்தம். சந்தை தானாக உருவாக்கிய போக்குவரத்து இது என்று எழுதுவது தவறு.

1858இல் கீலா சிட்டி, 1861இல் எல்டொராடோ கேன்யன், 1862இல் லா பாஸ் என்று பொன், வெள்ளிச் செய்திகள் வந்ததும் ஆற்றின் நிலை தலைகீழானது. 1864 வாக்கில் கழிமுகத்தில் இறக்கிய சரக்கு மலையாகக் குவிந்து கிடந்தது. இருந்த படகுகளால் அள்ள முடியவில்லை. வியாபாரிகள் கொதித்தார்கள். அப்போதுதான் கேப்டன் தாமஸ் ட்ரூவொர்தி 'எஸ்மெரால்டா'வோடு போட்டியாக வந்தார். படகில் எந்திரமும் விறகும் மட்டும் இருக்க, சரக்கைப் பின்னால் இழுக்கும் தட்டைத் தெப்பத்தில் ஏற்றினார். கனத்தை இரண்டு உடல்களில் பிரித்ததால் ஒவ்வொன்றும் குறைவாக அமிழ்ந்தது. போட்டி நிறுவனம் நீடிக்கவில்லை. தெப்பம் இழுக்கும் முறை நீடித்தது.

சுரங்க எந்திரங்களில் பெருந்தலைவலி ஸ்டாம்ப் மில். வரிசையாக நிற்கும் இரும்பு உலக்கைகள் மாறி மாறி எழுந்து விழுந்து பாறையை மாவாக்கும். கோலார் தங்கவயலில் தமிழ்த் தொழிலாளர்கள் காதடைக்கக் கேட்டதும் இந்த எந்திரத்தைத்தான். ஒவ்வோர் உலக்கையும் பல நூறு பவுண்டு எடை. கழற்றினால் உலக்கை, தண்டு, சக்கரம் என்று பிரியும், ஆனால் அவை விழும் உரல் ஒற்றை வார்ப்பு. கழுதை முதுகில் போகும் இடங்களுக்கென்று பிற்காலத்தில் எந்திரக் கம்பெனிகள் ஒவ்வொரு பாகத்தையும் ஒரு கழுதையின் சுமைக்குள் அடங்கும்படி பிரித்து வார்த்தன. பாதரசம் அதற்கு முன்பே அப்படித்தான் வந்தது: 76 பவுண்டு கொள்ளும் இரும்புக் குடுவை. கம்பிவடத்தை வெட்ட முடியாது. அதைச் சுருள் சுருளாக வளைத்து, ஒரே வடத்தைக் கழுதை வரிசை முழுவதன் முதுகிலும் பகிர்ந்து ஏற்றினார்கள். எதையும் கொண்டுவர முடியாத இடத்தில் மெக்சிகோச் சுரங்கக்காரர்கள் 'அராஸ்த்ரா' கட்டினார்கள்: கல் பாவிய வட்டக் குழி, நடுவே ஒரு தூண், கழுதை இழுத்துச் சுற்றும் பாறை. பாதரசம் தவிர வெளியிலிருந்து ஏறக்குறைய எதுவுமே வேண்டாம். கொண்டுவராமல் விடுவதும் போக்குவரத்து அறிவுதான். கிழக்கிலிருந்து முதலீடு வாங்கியவர்கள் இதைக் கற்கவே இல்லை.

எல்டொராடோ கேன்யனில் ஆலை எழுந்த பிறகும் தேவை அடங்கவில்லை. வெள்ளித் தாதுவைப் பிரிக்க உப்பு வேண்டும். கொதிகலனுக்கு விறகு வேண்டும். பள்ளத்தாக்கில் இரண்டும் இல்லை. உப்பு மேலே வர்ஜின் ஆற்றுப் பக்கத்திலிருந்து மிதந்து வந்தது, விறகு காட்டன்வுட் பள்ளத்தாக்கிலிருந்து படகேறி வந்தது. எந்திரம் ஒருமுறை வந்தால் போதும்; அதன் தீனி நாள்தோறும் வந்தாக வேண்டும்.

எந்தப் படகும் சுரங்கத்தின் வாசல் வரை போவதில்லை. துறையில் இறக்கிய பிறகு மலைமேல் ஏற்றுவது வண்டிகளின் வேலை. ஹார்டிவில் துறையிலிருந்து வில்லியம் ஹார்டி பிரெஸ்காட் நோக்கிச் சுங்கச் சாலை போட்டார். எரன்பெர்க் துறையிலிருந்து விக்கன்பர்க் பக்கம் வண்டிகள் போயின. எரன்பெர்க் வளர்ந்ததே ஆற்றின் விருப்பத்தால்: பொன் கண்ட லா பாஸை விட்டு ஆறு விலகிப் படுகை மாற, வியாபாரிகள் கடையைக் கட்டிக்கொண்டு கீழ்த்துறைக்கு வந்தார்கள். மைக்கேல் கோல்டுவாட்டர் அவர்களில் ஒருவர்.

பாலைவன வண்டிக் கணக்கின் உச்சம் இந்த ஆற்றுக்கு மேற்கே, அமர்கோசா ஆறு மணலில் மறைந்து முடியும் டெத் வேலியில் நடந்தது. 1883 முதல் ஹார்மனி போராக்ஸ் ஆலையிலிருந்து மொஹாவி ரயில் நிலையம் வரை 165 மைல். 18 கோவேறு கழுதை, 2 குதிரை. பின்சக்கரம் ஏழடி உயரமுள்ள இரண்டு பெருவண்டிகள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 டன் போராக்ஸ் என்னும் வெண்காரம். மூன்றாவதாக 1,200 கேலன் தண்ணீர்த் தொட்டி. ஒரு வழிக்குப் பத்து நாள். வண்டிக்காரன் ஒற்றைக் கயிற்றால் முன்னோடிக் கழுதைக்குச் சைகை கொடுப்பான்: ஒரே இழுப்பு என்றால் இடது, விட்டு விட்டு வெட்டினால் வலது. இந்த வண்டியை விளம்பரங்கள் உலகப் புகழாக்கின. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது விளம்பரத்தில் வராத ஒன்று. காலியாகத் திரும்பும் வண்டிகள் அடுத்த பயணத்துக்கான தானியத்தையும் வைக்கோலையும் ஒவ்வொரு தங்குமிடத்திலும் இறக்கிவைத்துவிட்டுப் போகும். சுமையோடு வரும்போது தீனி வழியிலேயே காத்திருக்கும். கடுங்கோடையில் ஓட்டம் நிறுத்தப்படும். நன்றாகத் திட்டமிட்ட இந்தப் போக்குவரத்தையும் முடித்தது பாதையின் கோளாறு இல்லை. 1888இல் முதலாளி வில்லியம் கோல்மன் நொடித்துப்போனார்.

கழுதைக்குப் பதிலாக ஒட்டகம் ஏன் நிலைக்கவில்லை என்று பலரும் கேட்பார்கள். 1857இல் எட்வர்ட் பீல் ஓட்டிவந்த ராணுவ ஒட்டகங்கள் கொலராடோவை நீந்தியே கடந்தன. கழுதைகள் ஒதுக்கும் முட்செடியைத் தின்று நடந்தன. என் கணக்குப்படி பார்த்தால் அவைதான் வென்றிருக்க வேண்டும். ஆனால் சரக்குப் பாதையில் ஏற்கெனவே இருந்தவை கழுதைகளும் குதிரைகளும். ஒட்டக வாடை பட்டாலே அவை மிரண்டு ஓடின. நெவாடாவில் தனியார் ஒட்டகங்கள் வெள்ளி ஆலைகளுக்கு உப்புச் சுமந்தன. 1875இல் அந்த மாநிலம் பொதுச் சாலையில் ஒட்டகம் வரக் கூடாது என்றே சட்டம் போட்டது. ராணுவத் திட்டம் அமெரிக்க உள்நாட்டுப் போரோடு முடிந்தது. பீலோடு வந்தவரும் 'ஹை ஜாலி' என்று அழைக்கப்பட்டவருமான ஒட்டகக்காரர் ஹாஜி அலியின் கல்லறை அரிசோனாவின் குவார்ட்சைட் ஊரில் இருக்கிறது. ஒட்டகம் மட்டும் தகுதியாக இருந்தால் போதாது. பாதையில் போகும் மற்றவற்றோடும் பொருந்த வேண்டும். இந்த ஒரு காரணத்தை என் தீனிக் கணக்கு விளக்காது. அதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

மீண்டும் ஆற்றுக்கு வருவோம். பிளாக் கேன்யனில் ஆறு ஒடுங்கிப் பாறைகளுக்கிடையே இரைந்து ஓடும். அங்கே பாறையில் இரும்பு வளையங்களை அறைந்து, அதில் வடத்தைக் கோத்து, படகின் எந்திரத்தாலேயே வடத்தைச் சுற்றி இழுத்துப் படகை ஏற்றினார்கள். 1866 அக்டோபரில் 'எஸ்மெரால்டா' இப்படி ஏறி, ஆன்சன் கால் நிறுவிய கால்வில் துறையை எட்டியது. மார்மன் மக்கள் யூட்டாவுக்கான சரக்கைக் கடல்வழியாக இங்கே இறக்கலாம் என்று கல்லில் கிடங்கு கட்டியிருந்தார்கள். 1869இல் கண்டத்தைக் கடக்கும் ரயில்பாதை முடிந்ததும் அந்தக் கிடங்குக்கு வேலையில்லாமல் போனது. இன்று அது மீட் ஏரிக்கு அடியில்.

தாது இறங்கிய பக்கத்தையும் பார்க்க வேண்டும். பிளானட் சுரங்கத்துச் செம்புத் தாது ஆற்றில் இறங்கி, கடலேறி, வேல்ஸ் நாட்டு ஸ்வான்சியின் உலைகளுக்குப் போனது. பாலைவனத்துப் பாறை அட்லாண்டிக் கடக்க எப்படிக் கட்டுப்படியானது? கீழே திரும்பும் படகு எப்படியும் காலியாகத்தான் திரும்பும். நீரோட்டம் தள்ளுவதால் விறகும் குறையும். அப்படியும் மிகச் செழிப்பான தாதுவுக்கு மட்டுமே இது பலித்தது. இரண்டாந்தரத் தாது குவியலாகச் சுரங்க வாயிலிலேயே கிடந்தது. ஒரு மலையில் எது தாது, எது வெறும் பாறை என்பதைப் போக்குவரத்துக் கூலிதான் தீர்மானித்தது.

1877இல் சதர்ன் பசிபிக் ரயில் யூமாவில் ஆற்றைக் கடந்தது. படகு நிறுவனத்தையும் அதே ஆண்டு வாங்கிக்கொண்டது. கடல்வழி செத்தது, கழிமுகக் கப்பல் பட்டறை மூடப்பட்டது. 1883இல் நீடில்ஸிலும் ரயில் வந்தது. படகுகள் சிறு சுரங்கங்களுக்காக இன்னும் கொஞ்ச காலம் ஓடின. 1909இல் லகுனா அணை ஆற்றின் குறுக்கே எழுந்து அதையும் முடித்தது.

கீழாற்றில் அரை நூற்றாண்டு சேர்த்த அறிவு மேலாற்றுக்குப் போகவில்லை. கிளென் கேன்யனின் மணலில் பொடிப்பொன் இருக்கிறது என்று நம்பிய ராபர்ட் ப்ரூஸ்டர் ஸ்டாண்டன் 1898இல் ஹோஸ்கனினி கம்பெனியை நடத்தத் தொடங்கினார். இவர் சாதாரணர் இல்லை. 1889-90இல் இதே பள்ளத்தாக்குகள் வழியே ரயில்பாதை போடலாமா என்று அளந்த பொறியாளர். 46 வாளிகள் கொண்ட தூர்வாரும் எந்திரத்தைத் துண்டுகளாகக் கிரீன் ரிவர் ரயில் நிலையத்தில் இறக்கி, ஹாங்க்ஸ்வில் வழியே வண்டிகளில் ஏறத்தாழ நூறு மைல் இழுத்து, பாறைச் சரிவில் சாலை வெட்டி ஆற்றில் இறக்கினார்கள். போக்குவரத்து என்ற அளவில் அது மாபெரும் சாதனை. இதைச் சொல்லாமல் போவது அந்த வண்டிக்காரர்களுக்குச் செய்யும் அநியாயம். 1901இல் எந்திரம் ஓடியது. இரண்டு முறை கழுவி எடுத்த பொன்னின் மொத்த மதிப்பு 66 டாலர் 95 சென்ட். பொன் அவ்வளவு நுண்ணியது. எந்திரத்தில் தங்காமல் தண்ணீரோடு போய்விட்டது. ஒரு சிறு எந்திரத்தைக் கழுதைமேல் கொண்டுவந்து சோதித்திருந்தால் இது தெரிந்திருக்கும். கொண்டுவர முடியும் என்ற பெருமிதம், கொண்டுவர வேண்டுமா என்ற கேள்வியை விழுங்கிவிட்டது.

பத்தாண்டு கழித்து அதே மேலாற்றில், லீஸ் பெர்ரி என்ற இடத்துக்குச் சார்லஸ் ஸ்பென்சர் வந்தார். அங்குள்ள களிப்பாறையிலிருந்து பொன் எடுக்கக் கொதிகலன்கள் வேண்டும். கொதிகலனுக்கு நிலக்கரி வேண்டும். நிலக்கரி 28 மைல் மேலே வார்ம் கிரீக்கில். சிகாகோ முதலீட்டாளர்கள் ஒரு நீராவிப் படகை அனுப்பினார்கள். சான் பிரான்சிஸ்கோவில் செய்த 92 அடிப் படகு யூட்டாவின் மேரிஸ்வேல் வரை ரயிலிலும், அங்கிருந்து மாட்டு வண்டிகளிலும் வந்து, வார்ம் கிரீக்கில் பூட்டப்பட்டு, 1912இல் ஆற்றில் இறங்கியது. நிலக்கரியை ஏற்றிக்கொண்டு கீழே வருவது எளிது. நீரோட்டத்தை எதிர்த்து மேலே திரும்பவோ, தான் கொண்டுவந்த நிலக்கரியில் பெரும்பகுதியைத் தானே எரிக்க வேண்டியிருந்தது. ஆலைக்கு மிஞ்சியது சொற்பம். சில பயணங்களோடு படகு கரையில் கட்டப்பட்டது, பொன்னும் பிரியவில்லை. படகு தின்னப்போகும் நிலக்கரியை, அதை வாங்குமுன் ஒரு காகிதத்தில் கூட்டிக் கழித்திருந்தால் போதும். அந்தப் படகின் கொதிகலன் இன்றும் லீஸ் பெர்ரிக் கரையோரம் கிடக்கிறது.

1930களில் ஹூவர் அணை கட்டியவர்கள் கேள்வியையே மாற்றினார்கள். முதலில் ரயில்பாதை போட்டார்கள். 30 அடி விட்டமுள்ள நீர்க்குழாய்கள் எந்த ரயிலிலும் ஏறாது என்று தெரிந்ததும், பேப்காக் அண்ட் வில்காக்ஸ் நிறுவனம் அணைக்கு அருகிலேயே தொழிற்சாலை எழுப்பி இரும்புத் தகடுகளை அங்கேயே வளைத்தது. மேலாற்றில் சாலையில்லாமை அதற்குப் பிறகும் தொடர்ந்தது. ஹைட் கடவில் வாகனம் ஏற்றும் ஓடம் 1946இல்தான் வந்தது. கிளென் கேன்யன் பாலம் 1959இல் திறக்கும்வரை எதிர்க்கரையில் நிற்பவனைப் பார்க்க ஏறத்தாழ 200 மைல் சுற்ற வேண்டும்.

கப்பல்கள் வந்துபோன கழிமுகத்துக்கு இப்போது பெரும்பாலான ஆண்டுகளில் ஆற்று நீரே எட்டுவதில்லை. அணைகளும் வாய்க்கால்களும் அதை வழியிலேயே முடித்துவிடுகின்றன. கொக்கொப்பா மக்கள் அரிசோனாவின் சோமர்டன் அருகிலும், எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் எல் மயோரிலும் வாழ்கிறார்கள். இந்த ஆற்றின் சுரங்க வரலாற்றை அடுத்து எழுதப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: படகுகளின் பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் விறகுத் துறைகளின் வரைபடத்தை வரையுங்கள். அந்த விறகை வெட்டியவர்களின் வழிவந்தவர்களிடம் போய்க் கேளுங்கள்.